எரிமலையைத் தேடிப் போவதும், அது தேடி வருவதும்

ஐஸ்லாந்தில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலையைப் பார்க்கப் போகிறவர் கண்ணுக்கு அங்கே எரிமலை தென்படாது. கிரிம்ஸ்வோட்ன் என்ற அந்த எரிமலை, வாட்னயோக்குல் என்னும் மாபெரும் பனிக்கவிகையின் மேற்குப் பகுதியில் புதைந்து கிடக்கிறது. கூம்பு கிடையாது, கொதிக்கும் குழம்பு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைச் சமவெளி. அதன் தெற்கு விளிம்பில் முந்நூறு மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக எழும் கரும்பாறைச் சுவர், சுவரின் இடுக்குகளில் ஆங்காங்கே ஆவி. அவ்வளவுதான். சுவருக்குக் கீழே உள்ள வெண்பரப்பு தரையே அல்ல. ஒரு ஏரியின் மேல் மிதக்கும் பனிக்கட்டி என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

பார்ப்பதற்கு இவ்வளவு குறைவாக இருக்கும் ஓரிடத்துக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். போனவர்கள் எதைக் கண்டார்கள், இன்னும் ஏன் போகிறார்கள், போவதில் எவ்வளவு ஆபத்து என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால் சற்று எதிர்பாராத இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பனிக்கு அடியில் இருக்கும் எரிமலைகளில், எட்டாத தொலைவில் உள்ளதைவிடச் சாலைக்குப் பக்கத்தில் உள்ளதே மனிதருக்குப் பெரிய அச்சுறுத்தல்.

முதலில் இடத்தைப் பற்றி. வாட்னயோக்குலின் பரப்பு ஏறத்தாழ 7,700 சதுர கிலோமீட்டர். சராசரித் தடிமன் 400 மீட்டரை ஒட்டியது. ஆழமான இடங்களில் 900 மீட்டரைத் தாண்டும். வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிச் செல்லும் கோடு ஐஸ்லாந்தை ஊடறுத்துப் போகிறது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலேறும் ஊற்று ஒன்றும் அதே தீவின் கீழ்தான் இருக்கிறது. மேலே வட அட்லாண்டிக்கின் ஈரக்காற்று ஆண்டுதோறும் பல மீட்டர் பனியைக் கொட்டுகிறது. ஆகவே பனியும் நெருப்பும் இங்கே ஓரிடத்தில் கூடியது தற்செயல் என்று சொல்ல முடியாது. கிரிம்ஸ்வோட்னுக்கு வடக்கே பார்டார்புங்கா, தெற்கு விளிம்பில் ஓரைவயோக்குல், தீவின் தென்முனையில் வேறொரு பனிக்கவிகையின் கீழ் கட்லா என்று பனிக்குள் ஒளிந்த எரிமலைகள் இன்னும் பல உண்டு.

கிரிம்ஸ்வோட்னுக்குப் போகும் வழக்கமான பாதை மேற்கிலிருந்து ஏறுகிறது. பனியாற்றின் ஓரத்தில் யோக்குல்ஹெய்மார் என்ற இடத்தில் குடில்கள் இருக்கின்றன. அங்கிருந்து எரிமலை விளிம்பான கிரிம்ஸ்ஃபியாட்ல் சுமார் 50 கிலோமீட்டர். பெரும்பகுதி பனியின் மேல்தான். வண்டிகள் சாதாரண வண்டிகள் அல்ல. 38 அங்குலத்துக்கும் பெரிய டயர்கள் மாட்டி, அவற்றில் காற்றை மூன்று நான்கு பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிடுவார்கள். நம் ஊர்க் காருக்கு முப்பதுக்கு மேல் அடிக்கிறோம். காற்றிறங்கிய டயர் அகலமாகப் பரந்து படுத்துக்கொள்வதால் இரண்டு டன் வண்டி பனியில் புதையாமல் ஊர்ந்து போகும். முன்பெல்லாம் சங்கிலிச் சக்கர வண்டிகளும் பனிச்சறுக்குக் கட்டைகளுமே துணை. இன்று ஜி.பி.எஸ். கையில் இருந்தாலும் வெண்மூட்டம் இறங்கிவிட்டால் வானம் எது, தரை எது என்று தெரியாது. வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளிப் பள்ளம் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. பனிப்பிளவுகள் அதைவிட மோசம். மேலே புதுப்பனி மூடியிருக்கும், அடியில் பல மாடி ஆழம் வெற்றிடம்.

கிரிம்ஸ்ஃபியாட்லின் உச்சி 1,700 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே ஐஸ்லாந்துப் பனியாற்று ஆய்வுச் சங்கம் 1957-இல் ஒரு சிறு குடில் கட்டியது. 1987-இல் அதைவிடப் பெரிய ஒன்று எழுந்தது. சுற்றிலும் உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் குடிலுக்குள் கதகதப்பாக இருக்கும். பாறையிலிருந்து வரும் ஆவியைக் குழாய் வழியே கொண்டுவந்து அறையைச் சூடாக்குகிறார்கள். ஆவிக்குளியல் அறைகூட ஒன்று வைத்திருக்கிறார்கள். எரிமலையின் தயவில் குளிர்காய்வது என்பதை இதைவிட நேராகச் செய்ய முடியாது.

இந்த இடத்தை அறிவியல் உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் இரண்டு சுவீடன் மாணவர்கள். 1919-இல் ஹோக்கன் வாடெல், எரிக் இக்பெர்க் என்ற இருவரும் வாட்னயோக்குலைக் கடந்தபோது, பனிப் பாலைவனத்தின் நடுவே திடீரென்று ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றார்கள். அதற்குத் தங்கள் நாட்டின் பெயரையே சூட்டினார்கள். கிரிம்ஸ்வோட்ன் என்ற பெயர் ஐஸ்லாந்தின் பழைய ஏடுகளில் ஏற்கெனவே இருந்தது. இடம் எது என்பதுதான் மறந்து போயிருந்தது. பழைய பெயரே நிலைத்தது. ஆனால் விளிம்பின் சிகரங்களுக்கு இன்றும் அந்தச் சுவீடன்காரர்களின் நினைவாகவே பெயர் வழங்குகிறது.

1934 வசந்தத்தில் எரிமலை வெடித்தபோது நிலவியலாளர் யோஹன்னஸ் ஆஸ்கெல்சனும் ஓவியரும் சிற்பியுமான குட்முண்டுர் எய்னார்சனும் மேலேறிப் போய்ப் பார்த்தார்கள். ஹெலிகாப்டரோ வானொலித் தொடர்போ இல்லாத காலம் அது. நிலவியலாளர் அளக்கவும் கலைஞர் பார்க்கவும் ஒன்றாகப் போனது, பின்னாளில் இந்தப் பயணங்கள் எடுத்த வடிவத்துக்கு நல்ல தொடக்கம் என்று சொல்லலாம். இரண்டாண்டு கழித்து ஹான்ஸ் ஆல்மன், யோன் எய்தோர்சன் இருவரின் தலைமையில் சுவீடன்–ஐஸ்லாந்து கூட்டுக் குழு பனிக்கவிகையில் முறையான அளவைகளை எடுத்தது. அதில் ஓர் இளைஞராக இருந்த சிகுர்துர் தோராரின்சன், சாம்பல் அடுக்குகளை வைத்துக் காலம் கணிக்கும் துறையையே பின்னாளில் உருவாக்கினார்.

இந்தப் பனிவெளியை நாடே திரும்பிப் பார்க்கக் காரணமானது ஒரு விமான விபத்து. 1950 செப்டம்பரில் லோஃப்ட்லெய்திர் நிறுவனத்தின் ‘கெய்சிர்’ என்ற சரக்கு விமானம் பார்டார்புங்காவின் மேல் மோதி விழுந்தது. ஆறு பேர் கொண்ட குழு இறந்துவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள். நான்கு நாள் கழித்துக் கடலோரக் காவல் கப்பல் ஒன்று மெலிதான வானொலிச் சமிக்ஞையைப் பிடித்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். மீட்கப் போன அமெரிக்க ராணுவத்தின் டகோட்டா விமானம் பனியில் இறங்கியது, மறுபடி எழும்ப முடியவில்லை. கடைசியில் அக்குரெய்ரி ஊரிலிருந்து நடந்தே ஏறிப் போன குழுதான் எல்லாரையும் கீழே கொண்டுவந்தது. கதை அதோடு முடியவில்லை. கைவிடப்பட்ட டகோட்டாவை லோஃப்ட்லெய்திர்காரர்கள் சொற்ப விலைக்கு வாங்கினார்கள்; அடுத்த வசந்தத்தில் பனியைத் தோண்டி அதை வெளியே எடுத்து, பறக்கவிட்டே வீடு கொண்டுவந்தார்கள்.

பனியாற்று ஆய்வுச் சங்கம் அதே 1950-இல் தொடங்கியது. 1953 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அதன் வசந்தப் பயணம் நடக்கிறது. விஞ்ஞானிகளோடு மெக்கானிக்குகள், ஆசிரியர்கள், ஓட்டுநர்கள் என்று தன்னார்வலர்கள் சேர்ந்து போவார்கள். குளிர்காலப் பனி எவ்வளவு சேர்ந்தது என்று துளையிட்டு அளப்பார்கள். ஏரியின் மேல் மிதக்கும் பனி எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பார்க்கச் சலிப்பூட்டும் வேலை. ஆனால் எழுபது ஆண்டு விடாமல் செய்ததில் உலகின் வேறெந்தப் பனிமூடிய எரிமலைக்கும் எளிதில் வாய்க்காத பதிவு கிடைத்திருக்கிறது.

பதிவின் அருமை புரிய, அடியில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிம்ஸ்வோட்னின் புவிவெப்பம் ஓய்வில்லாமல் பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. பனிக்கு அடியில் உள்ள நீர், கீழே இருக்கும் பாறையின் சரிவைவிட மேலே இருக்கும் பனிப்பரப்பின் சரிவுக்குத்தான் அதிகம் கட்டுப்படும். அடியில் உருக உருக மேற்பரப்பு கிண்ணமாகக் குழிகிறது. சுற்றுப்புறத்து நீரெல்லாம் அந்தக் கிண்ணத்தை நோக்கி வந்து தேங்குகிறது. வெளியேறும் வழியைத் தடித்த பனியே அணையாக நின்று அடைத்திருக்கிறது. ஏரி மட்டம் உயர உயர ஒரு கட்டத்தில் அந்த அணையால் தாங்க முடியாது. நீர் அடியில் புகுந்து, பனிக்குள் சுரங்கம் அறுத்துக்கொண்டு, ஸ்கெய்தாரார்யோக்குல் பனியாற்றின் கீழே சுமார் 50 கிலோமீட்டர் ஓடி, தெற்கே கடலோரக் கருமணல் வெளியில் பீறிட்டு வெளிவரும். இந்தப் பனியாற்று வெள்ளத்தை ஐஸ்லாந்துக்காரர்கள் யோக்குல்லாப் என்கிறார்கள். உலகெங்கும் நிலவியலாளர்கள் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆற்றில் திடீரென்று அழுகிய முட்டை வாடை அடித்தால் வெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று கரையோர மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அது எரிமலை வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு.

ஏரி வடிந்தால் எரிமலையின் தலைமீதிருந்த பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் அடியில் காத்திருக்கும் குழம்பு எழக்கூடும் அல்லவா? இந்த ஐயத்தை 1953-இலேயே எழுப்பியவர் சிகுர்துர் தோராரின்சன். வெடிப்பு வெள்ளத்தை உண்டாக்குகிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தபோது, வெள்ளமும் வெடிப்பை உண்டாக்கலாம் என்று அவர் காரியத்தைக் காரணமாக்கிப் பார்த்தார். 2004 நவம்பரில் அது கண்முன்னே நடந்தது: முதலில் ஏரி வடியத் தொடங்கியது, பின்னர் எரிமலை வெடித்தது. எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2021 இறுதியில் வெள்ளம் புறப்பட்டு ஏரிமேல் பனி சுமார் 77 மீட்டர் கீழிறங்கியது. விமானங்களுக்கான எச்சரிக்கை நிறத்தையும் உயர்த்தினார்கள். எரிமலை கடைசிவரை வெடிக்கவில்லை. குழம்பு தயாராக இருந்தால்தான் பாரம் குறைவது அதைத் தூண்டும். தயாரா இல்லையா என்பதைத்தான் யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

இந்தக் கதையின் உச்சம் 1996. செப்டம்பர் 30 இரவு, கிரிம்ஸ்வோட்னுக்கும் பார்டார்புங்காவுக்கும் நடுவே, இன்று கியால்ப் என்று அழைக்கப்படும் இடத்தில், 500 மீட்டருக்கும் அதிகமான பனிக்கு அடியில் ஒரு பிளவு திறந்தது. சுமார் 30 மணி நேரத்தில் அது பனியை உருக்கித் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட குழம்பு தன் கன அளவைப் போல் பத்து மடங்குக்கும் மேலான பனியை உருக்க வல்லது. பதின்மூன்று நாளில் மூன்று கன கிலோமீட்டர் பனி நீரானது. அவ்வளவு நீரும் எங்கே போனது? கடலுக்கு வரவில்லை. கிரிம்ஸ்வோட்ன் ஏரிக்குள் இறங்கித் தேங்கியது. ஏரியின் மேலிருந்த பனி நாளுக்கு நாள் உயர்ந்தது. மாக்னுஸ் தூமி குட்முண்ட்சன், ஹெல்கி பியோர்ன்சன் போன்ற ஆய்வாளர்கள் விமானத்தில் பறந்து பறந்து அந்த உயரத்தை அளந்தார்கள். ஹெல்கி பியோர்ன்சன் அதற்கு முன்பே பல ஆண்டுகள் வானொலி அலைகளைப் பனிக்குள் செலுத்தி, அடியில் உள்ள பாறையின் வரைபடத்தை வரைந்து வைத்திருந்தார். அதனால்தான் நீர் எங்கே சேரும், எவ்வழியே வெளிவரும் என்பது வெள்ளம் வருவதற்கு முன்பே தெரிந்தது.

நாடே ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தது. செய்தியாளர்கள் வந்து குவிந்தார்கள். ஒன்றும் நடக்காததால் பலர் கிளம்பிப் போனார்கள். நவம்பர் 5 காலை வெள்ளம் வந்தது. வழக்கமாகப் பல நாள் படிப்படியாகப் பெருகும் வெள்ளம், இம்முறை பனியாற்றையே தூக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உச்சத்தை எட்டியது. உச்சத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 45,000 கன மீட்டர், அதாவது சுமார் 16 லட்சம் கன அடி. மொத்தமாக வெளியேறிய நீர் 3.2 கன கிலோமீட்டருக்கும் மேல். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; இந்த வெள்ளம் 110 டி.எம்.சி.யைத் தாண்டியது. நிரம்பிய மேட்டூர் அணையைவிடப் பெரிய ஓர் ஏரி, வீட்டளவு பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு, இரண்டே நாளில் மணல்வெளியில் காலியானதாகக் கொள்ளலாம். 376 மீட்டர் நீளமுள்ள கீக்யுக்விஸ்ல் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஸ்கெய்தாரா ஆற்றின் நீண்ட பாலத்தில் ஒரு பகுதி சிதைந்தது. முறுக்கிக் கொண்ட இரும்பு விட்டங்களில் சிலவற்றை இன்றும் சாலையோரத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை. சாலையை முன்கூட்டியே மூடிவிட்டார்கள், மணல்வெளியில் குடியிருப்பும் இல்லை. எரிமலை எட்டாத தூரத்தில் இருந்ததும், வருமுன் அளந்தறிய அவகாசம் இருந்ததும் சேர்ந்து காப்பாற்றின.

அளவீடெல்லாம் கருவிகளே செய்யும் காலத்தில் மனிதர் நேரில் போக என்ன தேவை என்ற கேள்வி நியாயமானதுதான். செயற்கைக்கோள் ரேடார் பனிப்பரப்பின் ஏற்ற இறக்கத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்கிறது. கிரிம்ஸ்ஃபியாட்லில் நிலநடுக்கமானியும் ஜி.பி.எஸ். நிலையமும் இருக்கின்றன, குழம்பு சேரும்போது பாறை உப்புவதையும் வெடித்தபின் சட்டென்று அமுங்குவதையும் அவை பதிவு செய்கின்றன. ஆனால் அந்தக் கருவிகளை உறைபனி மூடும், புயல் சாய்க்கும், மின்கலம் தீரும். ஏரிப்பனியின் மேல் வைத்த ஜி.பி.எஸ். கருவி ஒரு குளிர்காலத்தில் பல மீட்டர் பனிக்கு அடியில் போய்விடும். யாராவது போய்த் தோண்டி எடுத்து மறுபடி நட்டால்தான் அடுத்த வெள்ளம் புறப்படும் நேரம் தெரியும்.

இன்னொன்று, எந்தச் செயற்கைக்கோளாலும் ஏரியின் தண்ணீரை மொண்டு வர முடியாது. 2002-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் எரிக் கைடோசும் ஐஸ்லாந்து ஆய்வாளர்களும் வெந்நீர்ப் பீய்ச்சியால் சுமார் 300 மீட்டர் பனியைத் துளைத்து ஏரிநீரை எடுத்தார்கள். வெளிச்சமே படாத அந்தக் குளிர்நீரில் நுண்ணுயிர்கள் இருந்தன. எரிமலையும் பனியும் சேர்ந்து உண்டாக்கிய நீரில் உயிர் தங்க முடியும் என்றால், செவ்வாயின் பழைய பனிக்கு அடியிலும் சனியின் துணைக்கோளான என்செலடஸின் பனிக்கு அடியிலும் தேடுவதில் பொருள் இருக்கிறது. ஆகவேதான் விண்வெளி உயிரியல்காரர்களுக்கும் கிரிம்ஸ்வோட்ன் பிடித்துப் போனது. அண்டார்டிகாவில் இதே வகை எரிமலைகள் இன்னும் எவ்வளவோ இருக்கக்கூடும். மேற்கு அண்டார்டிகப் பனிக்கு அடியில் 138 எரிமலைகளை 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது, அவற்றில் 91 அதுவரை அறியப்படாதவை. அங்கே துளையிடுவதோடு ஒப்பிட்டால் ஜீப்பில் போய் வரக்கூடிய கிரிம்ஸ்வோட்ன் வீட்டு வாசல்தான்.

எட்டாத தூரம் பாதுகாப்பு என்று சொன்னதற்கு ஒரு திருத்தம் தேவை. வெள்ளம் கடலோரத்தில் முடிந்துவிடும், சாம்பல் முடியாது. சூடான குழம்பு உருகுநீரைத் தொட்டதும் நொடியில் உறைந்து, கண்ணாடித் தூளாகச் சிதறி, ஆவியோடு மேலே போகிறது. 2011 மே 21 அன்று கிரிம்ஸ்வோட்ன் வெடித்தபோது புகைத்தூண் சுமார் 20 கிலோமீட்டர் எழுந்தது. தெற்கே உள்ள பண்ணைகளில் கோடைப் பகல் நள்ளிரவாகியது. அயர்லாந்துக்கு வந்திருந்த அமெரிக்க அதிபர் ஒபாமா சாம்பலுக்கு அஞ்சித் திட்டமிட்டதற்கு முன்பே லண்டனுக்குக் கிளம்பினார். ஐரோப்பாவில் ரத்தான விமானங்கள் சுமார் 900. அதற்கு முந்தைய ஆண்டு ஏயாஃபியாட்லயோக்குல் வெடித்தபோது ரத்தானவையோ ஏறக்குறைய ஒரு லட்சம். இத்தனைக்கும் சாம்பலின் அளவில் கிரிம்ஸ்வோட்ன்தான் பெரியது. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டதும், காற்று வேறு பக்கம் வீசியதும், 2010 பட்ட பாட்டுக்குப் பிறகு எவ்வளவு சாம்பல் வரை பறக்கலாம் என்று விதிகள் வகுக்கப்பட்டிருந்ததும்தான் வேறுபாடு. இதே எரிமலைத் தொகுதியின் தென்மேற்குக் கிளையில், பனிக்கு வெளியே, 1783-இல் திறந்த லாக்கி பிளவு எட்டு மாதம் லாவாவைக் கொட்டியது. நச்சுவாயு புல்லைக் கெடுத்து, கால்நடை மடிந்து, ஐஸ்லாந்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பஞ்சத்தில் மாண்டார்கள்.

பார்க்கப் போகிறவருக்கு வருவோம். வெடிக்கக்கூடிய எரிமலையின் மேல் நிற்பது ஆபத்து என்பதற்கு வேறு நாட்டுச் சான்றுகள் போதும். 1993-இல் கொலம்பியாவின் கலேராஸ் பள்ளத்துக்குள் இறங்கியிருந்த ஆய்வாளர்களில் ஆறு பேரும் பயணிகள் மூவரும் திடீர் வெடிப்பில் இறந்தார்கள். நியூசிலாந்தின் ஒயிட் தீவில் 2019 டிசம்பரில் 22 பேர். இரண்டிலும் பெரிய எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. கிரிம்ஸ்வோட்னில் பெரிய வெடிப்புகளுக்கு முன் நிலநடுக்கம் கூடும், பாறை உப்பும். ஆனால் கடைசி அறிகுறி ஒரு மணி நேரத்துக்கு முன்தான் தெளிவாகத் தெரியும் என்பதும் உண்மை. இருந்தும் அங்கே போகிறவரைப் பலி வாங்கக்கூடியவை என்று அனுபவசாலிகள் பயப்படுவது வேறு வரிசையில்: வானிலை, பனிப்பிளவு, பனிக்குகையில் தேங்கும் வாயு, கடைசியில்தான் வெடிப்பு. 2010 வசந்தத்தில் ஃபிம்வோர்துஹால்ஸ் கணவாயில் அழகான லாவா நீரூற்றைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அந்தப் பயணங்களில் உயிரிழந்த இருவரை லாவா தொடவில்லை. வழிதவறிக் குளிரில் இறந்தார்கள்.

இத்தனையையும் மீறி, கிரிம்ஸ்வோட்னுக்குப் போகிறவர்கள் ஆயத்தமாகத்தான் போகிறார்கள். போக வேண்டுமென்றால் வண்டி வேண்டும், துணை வேண்டும், வானொலி வேண்டும், வானிலை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கடினமே அங்கு வாயிற்காவலன். கவலைப்பட வேண்டியவர்கள் எரிமலையைத் தேடிப் போகாதவர்கள். தாங்கள் ஓர் எரிமலையின் வாய்க்கால் மேல் நிற்பதே தெரியாதவர்கள்.

1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ தெல் ருயிஸ் வெடித்தது. வெடிப்பு சிறியதுதான், உச்சியிலிருந்த பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் அது உருக்கியது. உருகிய நீர் சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி, இரண்டரை மணி நேரத்தில் ஆர்மெரோ நகரை மூடியது. இறந்தவர்கள் சுமார் 23,000 பேர். அபாய வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே வெளியாகியிருந்தது.

ஐஸ்லாந்தின் கட்லா அந்த அளவு மக்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அதன் வெள்ளங்கள் கிரிம்ஸ்வோட்னுடையதைவிடப் பன்மடங்கு வேகமானவை. 1918 அக்டோபர் 12 வெடிப்பில் பாய்ந்த நீர் உச்சத்தில் வினாடிக்கு சுமார் மூன்று லட்சம் கன மீட்டர் இருந்திருக்கலாம் என்கிறார்கள்; அது கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடற்கரையே தெற்கே நகர்ந்தது. இலையுதிர்கால வழக்கப்படி ஆடுகளை ஓட்டி வரப் போயிருந்த பண்ணைக்காரர்கள் வெள்ளத்துக்கு முன்னால் குதிரையில் தப்பி ஓடினார்கள். அதன் பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பெரிய வெடிப்பு இல்லை. ஆனால் 2011 ஜூலையில் வந்த ஒரு சிறு வெள்ளமே முலாக்விஸ்ல் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தப் பாலம் இருப்பது தீவைச் சுற்றும் முதன்மைச் சாலையில்.

1918-இல் அந்த வெள்ளத்தின் வழியில் இருந்தவர்கள் உள்ளூர் விவசாயிகள். வாடையும் சத்தமும் என்ன சொல்கின்றன என்று அறிந்தவர்கள். இன்று இருப்பவர்கள் வேறு. 2010-இல் ஐஸ்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. 2018-இல் 23 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் இந்தத் தென்கரைச் சாலையில்தான் வாடகைக் காரில் போகிறார்கள். கட்லாவின் பனியாற்று விளிம்பில் பனிக்குகை பார்க்கும் சுற்றுலா தினமும் நடக்கிறது. சாம்பல் வரிகள் ஓடும் நீலப்பனி கேமராவுக்கு நன்றாக இருக்கும். குகைகள் எரிமலை இல்லாமலேயே ஆபத்தானவை: 2024 ஆகஸ்டில் வாட்னயோக்குலின் தெற்கு நாக்கான ப்ரெய்தாமெர்குர்யோக்குலில் பனிச்சுவர் சரிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார், கோடைக்காலக் குகைப் பயணங்கள் நிறுத்தப்பட்டன.

இதனிடையே பனியும் குறைந்துகொண்டே போகிறது. கிரிம்ஸ்வோட்னின் பனியணை மெலிவதால் ஏரி முன்போல் நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை பெரிதாக வந்த வெள்ளம் இப்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறிதாக வருகிறது. 1974-இல் பெருஞ்செலவில் கட்டி முடித்து, தீவைச் சுற்றும் சாலையை முழுமையாக்கிய ஸ்கெய்தாரா பாலத்தின் கீழே 2009-க்குப் பிறகு ஆறே இல்லை. பனியாறு பின்வாங்கியதில் நீர் மேற்கே உள்ள ஆற்றுக்கு மாறிவிட்டது. ஒரு பக்கம் இது நல்ல செய்தி. மறுபக்கம், மேலிருந்து பாரம் குறைவதால் பூமியின் ஆழத்தில் குழம்பு உருவாவது கூடும் என்று ஃப்ரெய்ஸ்டெய்ன் சிக்முண்ட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கடைசிப் பனியூழி முடிந்து பெரும்பனி விலகியபோது ஐஸ்லாந்து எரிமலைகளின் சுறுசுறுப்பு பல மடங்கு கூடியதற்குப் பாறைகளில் சான்று உண்டு. கூடுதல் குழம்பு மேலே வர எத்தனை தலைமுறை ஆகும் என்பதில்தான் விவாதம்.

ஓரைவயோக்குல்தான் இந்தக் கணக்கில் மிகச் சிக்கலான இடம். 1362-இல் அது வெடித்தபோது அடிவாரத்துப் பண்ணைகள் மொத்தமாக அழிந்தன. 1727-இல் மறுபடி வெடித்தது. பிறகு அமைதி. 2017 நவம்பரில் அதன் உச்சிப் பள்ளத்துப் பனியில் புதிதாக ஒரு குழிவு தோன்றியது, அடிவாரத்து க்வியா ஆற்றில் கந்தக வாடை அடித்தது. ஊரைக் காலி செய்யும் திட்டத்தை அதிகாரிகள் அவசரமாக எழுதினார்கள். எச்சரிக்கை வந்தால் அந்த வட்டாரத்திலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் குறுஞ்செய்தி போகும். குழிவு பின்னர் பெரிதாகவில்லை. ஆனால் அடிவாரத்தில் ஹோட்டல்கள் கூடிவிட்டன, மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய பட்டையில் ஒரே ஒரு சாலை ஓடுகிறது. வெடிப்பு தொடங்கினால் வெள்ளம் சில பாதைகளில் 20 முதல் 30 நிமிடத்துக்குள் சாலையை எட்டும் என்பது ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் மதிப்பீடு. அதே எரிமலையின் விளிம்பில்தான் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,110 மீட்டர் ஹ்வன்னதால்ஸ்னூக்குர் இருக்கிறது. வசந்த காலத்தில் வழிகாட்டியோடு கயிறு கட்டிக் குழு குழுவாக ஏறுகிறார்கள். ஏறி இறங்கப் பத்து முதல் பதினைந்து மணி நேரம் பிடிக்கும்.